எருமைக்கன்றின் வலது கால்

சேலத்தில் ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் பல வருஷம் நான் எருமைக்கன்றாக இருந்தேன். வாயும் குரலும் இடது முன்னங்காலும் நான். வலது முன்னங்கால் என் கணவர். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு சொல்வேன்.

அந்தச் சேனலுக்கு நான் போனது செய்தி வாசிக்க. ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே விசைத்தறி ஓடியது. தறிச்சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குச் சத்தத்தை மீறித் தெளிவாகப் பேச வந்துவிடும். அதோடு, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளவும் வந்துவிடும். அம்மா தறிக்கு அந்தப் பக்கம் நின்று சோறு தின்ன வரச் சொன்னால் காதில் ஒன்றும் விழாது. வாயசைவு போதும். "ஆ" என்றால் தாடை எவ்வளவு இறங்கும், "ஊ" என்றால் உதடு எப்படிக் குவியும் என்பதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். அது பிழைப்புக்கு ஆகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

கல்லூரியில் தமிழ் படித்தேன். பேச்சுப் போட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். கடைசி வருஷத்தில் உதட்டோரம் கடுகளவு வெள்ளை விழுந்தது. கடுகளவு மிளகளவாயிற்று. மருந்து தடவிக்கொண்டே இருந்தேன். அந்த நிலையில்தான் செய்தி வாசிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கேமரா முன்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். சேனல் முதலாளி டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரல் அருமையா இருக்குதும்மா. வாசிக்கறதும் சுத்தமா இருக்குது. ஆனா..." என்று தன் உதட்டோரத்தைத் தானே தொட்டுக் காட்டினார்.

"பவுடர் போட்டா மறைஞ்சிருமுங்க."

"இன்னைக்கு மறையும். அப்பறம்?"

அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அடுத்த வருஷமே அது கன்னத்துக்கு ஏறியது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். பின்னால் இருந்து கூப்பிட்டார். குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போவதாகவும், அதில் பேசுகிற பொம்மை ஒன்று வரும் என்றும், அதற்குக் குரல் வேண்டும் என்றும் சொன்னார்.

"மேசைக்கு அடியில உக்காரோணும். மூஞ்சி தெரியாது. சம்மதமா?"

மூஞ்சி தெரியாது என்பதை ஒரு சலுகைபோலச் சொன்னார். படிக்கட்டில் பாதி இறங்கி, நின்று, திரும்ப ஏறிப்போய்ச் சரி என்றேன்.

பொம்மை செய்துகொண்டிருந்தவர் பக்கத்து அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு எருமைத்தலை உள்வெளியாகத் திருப்பிக் கிடந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் டிரைவர் சீட் தைப்பவர் அவர். முதலாளிக்கு லாரிகளும் உண்டு. அந்தப் பழக்கத்தில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சீட்டுக்கு வைக்கிற ஸ்பாஞ்சை வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டி, மேலே ரெக்ஸின் போர்த்தியிருந்தார். நெற்றிக்கு மேல் முடிக்கு, லாரி முகப்பில் தொங்கவிடுகிற கறுப்புக் குஞ்சம்.

"ஏன் எருமைங்க?" என்று கேட்டேன். "முயலு, சிங்கம் ஏதாச்சும் செய்யலாமில்லீங்களா?"

"கறுப்பு ரெக்ஸின்தானுங்க மிச்சம் கெடந்துச்சு" என்றார், தலையைத் தூக்காமல்.

அப்படித்தான் கன்று பிறந்தது. அதற்கு மூன்று கை வேண்டும். தலையையும் வாயையும் அசைக்க என் வலது கை, இடது காலுக்கு என் இடது கை. வலது காலுக்கு இன்னொரு ஆள் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும். யாரை விட்டுப் பார்த்தாலும் கால் ஒரு பக்கம் போனது, பேச்சு ஒரு பக்கம் போனது. கடைசியில் தைத்தவரையே உட்காரச் சொன்னார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் கையை மேலே ஆட்டினார். நான் என்ன பேசப்போகிறேன் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் காலுக்குத் தெரிந்திருந்தது. அவர் பட்டறைக்குத் திரும்பவில்லை.

பிள்ளைகளை வீட்டிலும் பள்ளியிலும் "எருமை" என்று திட்டாத ஊர் எங்கே இருக்கிறது? நிகழ்ச்சி தொடங்கியதும் கன்று கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு உங்கள எருமைன்னு வஞ்சது யாரு?" என்பதுதான். போன் போட்டுக் குழந்தைகள் சொல்வார்கள். நேரலை. அந்த ஒரு கேள்வியில் நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது.

"ஏனுங்க, எருமைங்களா?"

"ஆமாங்க, எருமைதான் பேசறனுங்க. நீங்க யாருங்க?"

"நானு ஓமலூருங்க. எங்க மிஸ்ஸு என்னைய எருமைன்னு வஞ்சுட்டாங்க."

"எதுக்கு வஞ்சாங்க?"

"ஏழாம் வாய்ப்பாடு வரலீங்க."

"எனக்குந்தான் வராது. வா, ரெண்டு பேருஞ் சேந்து சொல்லலாம்."

நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். அந்தப் பக்கம் குழந்தை கெக்கெக்கென்று சிரித்துத் திருத்தும். வலது கால் வெட்கப்பட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்ளும். அந்தச் சைகை அவருடையது. நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

மேலே நாற்காலியில் உட்காரும் தொகுப்பாளினிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணம் ஆகிப் போவார்கள், வேறு சேனலுக்குப் போவார்கள். கீழே நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். பச்சைத்துணி தொங்கும் மேசைக்கு அடியில் ஒரு சின்ன டிவி, ஒரு தண்ணீர் பாட்டில், எங்கள் ஊர்க் கைமுறுக்கு ஒரு பொட்டலம். முட்டி வலிக்கக் கூடாதென்று அவர் லாரி சீட்டையே வெட்டி இரண்டு மெத்தை தைத்துப் போட்டிருந்தார். நேரம் ஆக ஆக என் வலது கை கடுக்கும். அப்போது அவருடைய சும்மா இருக்கிற இடது கை வந்து என் முழங்கைக்கு அடியில் முட்டுக்கொடுக்கும். முதல்முறை அது வந்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கன்றும் திரும்பியிருக்கும்.

எல்லாரையும் அண்ணா என்று கூப்பிடுகிற அந்த ஸ்டூடியோவில் அவரை மட்டும் நான் அப்படிக் கூப்பிடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. எங்களுடையது தறி வீடு. அவர்களுடையது நாமக்கல் பக்கம் காடுதோட்டம் உள்ள வீடு. சாதி வேறு. என் முகத்து வெள்ளையும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டது. கொஞ்ச காலம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் மாமியார் மட்டும் ஒரு கூடைத் தக்காளியோடு வந்தார். "எம்மகன் சாப்புடறானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்புறம் எங்களோடே இருந்துவிட்டார். சேலத்தில் நாங்கள் இருந்தது ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. அதனால் நாங்கள் மனம்விட்டுப் பேசுவதெல்லாம் மேசைக்கு அடியில்தான். மேலே பாட்டு ஓடும்போது, விளம்பரம் ஓடும்போது, காதோடு காதாக. வீட்டில் பருப்பு தீர்ந்ததிலிருந்து அவருடைய அப்பா இறந்த கதைவரை எல்லாம் அங்கேதான் பேசினோம்.

குழந்தை மட்டும் வரவில்லை. ஜில்லாவில் பாதிப் பிள்ளைகள் எங்களோடு பேசினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் காத்துக்கிடந்தோம். வளைகாப்புக்குப் போனால் சந்தனம் பூசக் கூப்பிடும் வரிசையில் என்னைத் தாண்டிப் போவார்கள். அந்த வீட்டுக் குழந்தையே ஓடிவந்து டிவியைக் காட்டி, "அத்தே, எரும வருது பாருங்க" என்று என்னிடம் சொல்லும். அதுதான் நான் என்று அதற்குச் சொல்ல மாட்டேன்.

எதிர்பார்ப்பை விட்டுவிட்ட பிறகு வயிற்றில் தங்கியது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெத்தையை எடுத்துவிட்டு எனக்கு மட்டும் குட்டை நாற்காலி ஒன்று செய்தார். மாமியார் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று எதையாவது ஊட்டிக்கொண்டே இருந்தார். ஒன்று மட்டும் விடாமல் சொன்னார்.

"கையத் தூக்காத சாமி. தலைக்கு மேல கையத் தூக்குனா கொடி சுத்திக்கும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கத்தே. டாக்டரே வேல செய்யலாம்னு சொல்லிட்டாங்க."

"அவுங்க சொல்லுவாங்க. நீ கேளு."

ஏழாம் மாதம் முடியும்வரை கன்றாகவே இருந்தேன். வயிறு பெருத்ததால் அவர் இன்னும் தள்ளி உட்கார வேண்டியிருந்தது. வலது காலை எட்டி ஆட்டினார். கன்று சிரிக்கும்போது வயிற்றுக்குள் இருந்து குழந்தை உதைத்தது. அவர் கையை எடுத்து வைத்துக் காட்டினேன். மேலே ஒரு குழந்தை திருக்குறள் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குறள் முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை அசைவு இல்லை என்று தோன்றியது. இனிப்பாக எதையாவது குடித்துவிட்டுப் படுத்துப் பார்க்கச் சொன்னார் மாமியார். படுத்துப் பார்த்தேன். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் வாயைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

வலி வரவைத்துத்தான் பெற்றேன். பெண் என்று நர்ஸ் சொன்னார். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கையத் தூக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாதும்மா. கொடி சுத்தியே எத்தனையோ குழந்தைங்க நல்லபடியா பிறக்குது. இது யாராலயும் நடந்ததில்ல." தலையாட்டினேன். அறிவுக்கு அது புரிந்தது. கதவோரம் நின்ற மாமியாரும் அதைக் கேட்டார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. என் வலது கையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

குழந்தையை எனக்குக் காட்டவில்லை. "வேண்டாங் கண்ணு, பாத்தா மனசு தாங்காது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் அடம்பிடிக்கவில்லை. பிடிக்கத் தெம்பில்லை. என் கணவர் துண்டில் வாங்கிக்கொண்டு, அவர் மாமாவோடு காரில் ஏறி, நாமக்கல் பக்கம் அவர்கள் தோட்டத்துக்குப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். வந்து குளித்தார். காப்பி குடித்தார்.

மூன்றாம் நாள் பால் கட்டியது. குழந்தை இல்லை என்று அதற்குத் தெரியாது. பால் வற்றுவதற்காக மாமியார் மல்லிகைப்பூ வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே அழுதார். அதற்குப் பிறகு நான் தலையில் மல்லிகை வைத்ததில்லை.

நான் வீட்டில் இருந்தபோது நிகழ்ச்சி நிற்கவில்லை. கன்றுக்கு அவரே குரல் கொடுத்தார். வீட்டு டிவியில் பார்த்தேன். ஒரு குழந்தை போனில், "ஏன் எருமை, உன் தொண்ட இப்பிடி ஆயிருச்சு?" என்று கேட்டது. "சளி சாமி. மழையில நனைஞ்சுட்டேன்" என்றது கன்று. வாய் அசைவு பேச்சோடு சேரவே இல்லை. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் போய் அழுகையாயிற்று.

உடம்பு தேறியதும் திரும்பிப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. குட்டை நாற்காலியை அவர் எடுத்துவிட்டு மறுபடி மெத்தையைப் போட்டிருந்தார். முதல் சில வாரம் நன்றாகவே போனது. பிறகுதான் அந்தப் போன் வந்தது.

சின்னப் பெண். ஊர் பேர் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யார் திட்டினார்கள் என்று கன்று கேட்டது.

"யாரும் வையிலீங்க. எங்கூட்டுல யாரும் பேசறதே இல்லீங்க."

"ஏஞ் சாமி?"

"எங்கம்மா பாப்பா எடுத்துட்டு வாரேன்னு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பாப்பா இல்லாம வந்துட்டாங்க. கேட்டா அழுவுறாங்க. பாப்பா எங்கீங்க?"

குழந்தைகள் கன்றிடம் எதையும் சொல்வார்கள். அப்பா குடிப்பதைச் சொல்வார்கள், ஆடு செத்ததைச் சொல்வார்கள். எதற்கும் எனக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிடும். அன்றைக்கு என் கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன டிவியில் கன்றின் வாய் திறந்தபடி இருந்தது. மேலே தொகுப்பாளினி என்ன செய்வதென்று தெரியாமல் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

அப்போது வலது கால் மெதுவாக எழுந்தது. கன்றின் முகத்தைத் தடவியது. நெற்றியிலிருந்து மூக்குவரை. மறுபடியும் நெற்றியிலிருந்து.

என் கைக்கு உயிர் வந்தது.

"எனக்குத் தெரியலியே கண்ணு" என்றேன். கன்றின் குரலில்தான் சொன்னேன். "உங்கம்மா இப்ப என்ன பண்றாங்க?"

"படுத்திருக்காங்க."

"நீ போயி பக்கத்துல படுத்துக்கோ. ஒண்ணுங் கேக்க வேண்டாம். சும்மா கட்டிப் புடிச்சுட்டுப் படுத்துக்கோ."

"வீட்டுப்பாடம் எழுதலீங்களே?"

"எருமை சொல்லுச்சுன்னு மிஸ்ஸுகிட்டச் சொல்லு."

"சரிங்க. வெச்சரட்டுங்களா?"

"வெச்சுரு சாமி."

பாட்டுப் போட்டுவிட்டார்கள். கீழே நாங்கள் இரண்டு பேரும் கையை இறக்கினோம். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் அழவில்லை. கன்றுக்காலுக்குள்ளிருந்து உருவிய தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாத முடிவில், இனிமேல் மேசைக்கு அடியில் வரவில்லை என்றார். காரணம் கேட்டதற்கு, "பட்டறையில ஆள் இல்லீன்னு கூப்புடறாங்க" என்றார். நாமக்கல்லுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். வேறொருவர் காலாட்ட வந்து சரிப்படவில்லை. வலது காலை மேசைத்துணியோடு வைத்துத் தைத்துவிட்டேன். கன்று மேசைமேல் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். குழந்தைகள் எதுவும் கேட்கவில்லை. அந்தப் போனுக்குப் பிறகு முதலாளி நேரலையை நிறுத்தி, பதிவு செய்து ஒளிபரப்பச் சொல்லிவிட்டார்.

என் கணவர் தன் அம்மாவின் பேச்சை நம்பிவிட்டார் என்று நினைத்தேன். நான் தூக்கிய கையின் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல்தான் போய்விட்டார் என்று நினைத்தேன். கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? வீட்டில் பேச இடமும் இல்லை. சண்டை கிடையாது. அவர் வருவார், நான் சோறு போடுவேன், குழம்பு நன்றாக இருக்கிறது என்பார். பல வருஷம் அப்படியே போனது. மாமியாரும் இடையில் காலமானார்.

கொரோனா வந்தபோது ஸ்டூடியோவை மூடினார்கள். திறந்தபோது குழந்தைகள் நிகழ்ச்சி இல்லை. பொம்மையை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். தனியாகப் போக மனமில்லாமல் அவரைக் கூப்பிட்டேன். வந்தார். அலமாரியைத் திறந்தோம். எலி கடித்து ஸ்பாஞ்சு தூள் தூளாகக் கொட்டியிருந்தது. தலையில் பாதிதான் இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம் புள்ள" என்று அங்கேயே வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ வந்தது. எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, எங்கையினாலதான்னு நெனச்சுட்டுத்தான அன்னைக்கு வேலைய உட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இப்படி ஒன்று அவர் நினைப்பிலேயே இல்லை என்று தெரிந்தது.

"கிறுக்கா உனக்கு?" என்றார். "இத்தன வருசமா இதையா நெனச்சுட்டு இருந்தே?"

டீயை ஓரமாக வைத்தார்.

"அந்தக் கொழந்த கேட்டப்ப கன்னுக்குட்டி மூஞ்சியத் தடவுனேனில்ல? கார்ல போகைல நம்ம புள்ள மூஞ்சிய அப்பிடித்தான் தடவிட்டே போனேன், ஊரு வரைக்கும். மேசைக்கு அடியில எங்கைக்குக் கன்னுக்குட்டி தெரியல. அதுக்கப்பறம் அந்தக் கைய மேல தூக்க முடியல. உங்கிட்ட எப்பிடிச் சொல்றது? நீ பாக்கவேயில்ல."

"இப்பச் சொல்லுங்க" என்றேன். "எப்பிடி இருந்தா?"

சொன்னார். தலை நிறைய முடி. என் அப்பாவின் மூக்கு. விரல்கள் நீளம் நீளமாக இருந்தன. நகம்கூட வளர்ந்திருந்தது. உதடு சிவப்பாக, தூங்குகிற மாதிரி. துண்டு சின்னதாகப் போய்விட்டது, தன் சட்டையைக் கழற்றிக் காலை மூடினார். நாமக்கல் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று போய்க்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்க வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அதுவரை நான் அந்த மூலைக்குப் போனதில்லை. வேலியோரம், கிணற்றுக்குத் தெற்கே. அடையாளம் எதுவும் வைத்திருக்கவில்லை. தோட்டம் இப்போது அவர் மாமா மகன் குத்தகையில் இருக்கிறது. மரவள்ளிக்கு உழுதிருந்தார்கள். "இங்கதான்" என்று ஒரு இடத்தைக் காட்டிய அவர், கொஞ்சம் தள்ளி நின்று, "இல்ல, இங்க இருக்கும்" என்றார். இரண்டு இடத்திலும் உட்கார்ந்து மண்ணைத் தொட்டேன்.

நான் இப்போது நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சின்னப் பெண்களுக்கு வார்டனாக இருக்கிறேன். அவர் பட்டறையில்தான் இருக்கிறார். வீட்டில் இப்போது இரண்டு பேர்தான். சில நாள் சாயங்காலம் சோறு வெந்துகொண்டிருக்கும்போது, அவளுடைய விரலைப் பற்றி மறுபடியும் சொல்லச் சொல்வேன். சொல்வார்.